தோல் முட்டை என்று தேடியவர்கள்

நேற்று மாலை நீங்கள் அனுப்பிய அறிக்கையை மூன்று முறை படித்தேன். இருபத்திரண்டு பக்கங்கள், வண்ணப் படங்கள் பதினான்கு. ஓய்வு பெற்றவரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம் என்று மரியாதைக்கு அனுப்பியிருப்பீர்கள். 'நன்றாக இருக்கிறது' என்று இரண்டு வரி எழுதுவேன் என்றும் எதிர்பார்த்திருப்பீர்கள். நன்றாக இல்லை. பதினேழாம் பக்கத்தின் கடைசி வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் கோழித்தீவனக் கம்பெனியின் இணையதளத்தில் மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கிறது. பண்ணைக்காரர்கள் அதில் என்ன எழுதித் தேடுகிறார்கள் என்று படிப்பதுதான் உங்கள் வேலை. ஓய்வு பெறும்வரை ஏழு ஆண்டுகள் என் வேலையும் அதுதான். அதிகம் தேடப்பட்ட இருபது சொற்களைப் படமாகப் போட்டிருக்கிறீர்கள். முட்டை விலை, தீவன விலை, குஞ்சு விலை. நாமக்கல்லில் முட்டை விலையைத் தேடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஐந்து பேர் சம்பளம் வாங்க வேண்டுமா? அது போகட்டும். அந்தக் கடைசி வரி இது: 'விடை கிடைக்காத தேடல்களும், மிகக் குறைவான முறை வந்த தேடல்களும் பயனற்றவை எனக் கருதி நீக்கப்பட்டுள்ளன.'

பயனற்றவை. இந்தச் சொல்லை எழுதியவர் உங்களில் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. தோல் முட்டை என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் முதலில் ஒரு பண்ணைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள். ஓடு இல்லாமல் வெறும் சவ்வோடு விழும் முட்டை அது. தொட்டால் அமுங்கும், அட்டையில் அடுக்க முடியாது. எந்தப் பண்ணையிலும் ஒன்றிரண்டு விழும். நம் பெட்டியிலும் நாளுக்கு ஒருவரோ இருவரோ அதைத் தேடுவார்கள். ஒரு நாள் அது ஒன்பதாயிற்று. மறுநாள் இருபத்து மூன்று. அதற்கும் மறுநாள் நாற்பதைத் தாண்டியது.

அப்போதைய விற்பனை மேலாளருக்கு ஒரே சந்தோஷம். அவரும் எண்களைப் பார்ப்பவர்தான். ஓடு கெட்டியாவதற்கு நம் கம்பெனி விற்கும் கால்சியம் டானிக் ஒன்று உண்டு. தோல் முட்டை என்று யார் தேடினாலும் முதல் விடையாக அந்த டானிக்கின் படம் வரும்படி அன்றைக்கே செய்துவிட்டார். மூன்று நாளில் கிடங்கில் இருந்த டானிக் பெட்டிகள் காலி. மைசூர்பாகு வாங்கி வந்து எல்லோருடைய மேசையிலும் வைத்தார்.

"தேடறாங்க, வாங்கறாங்க. இதுக்குத்தானே சார் இந்தப் பெட்டியே" என்றார்.

நான் அந்த மைசூர்பாகைச் சாப்பிடவில்லை. எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. அதை வீண்வேலை என்று பலரும் கேலி செய்திருக்கிறார்கள். ஒரு சொல்லை எத்தனை பேர் தேடினார்கள் என்று எண்ணிய பிறகு, ஒரே ஆள் அடுத்தடுத்து என்னவெல்லாம் தேடினார் என்றும் படிப்பேன். விலைப் பட்டியலைப் பார்க்கப் பண்ணை எண்ணைப் போட்டு உள்ளே வர வேண்டும் என்பதால் தேடியது எந்தப் பண்ணை என்று நமக்குத் தெரியும். ஒரு பண்ணையின் தேடல்கள் இப்படிப் போயின:

தோல் முட்டை எதனால்
கால்சியம் டானிக் எவ்வளவு கலக்கணும்
டானிக் கொடுத்தும் தோல் முட்டை
கோழி நிக்க மாட்டேங்குது
நோய் வந்த கோழி எடுக்கும் வியாபாரி

கடைசித் தேடலுக்கு நம் தளத்தில் விடை இல்லை. ஒரே ஒரு முறை வந்தது. உங்கள் விதிப்படி அது பயனற்றது. நீக்கியிருப்பீர்கள். மேலாளரின் கணக்கில் அந்தப் பண்ணை டானிக் வாங்கிய வாடிக்கையாளர்களில் ஒன்று, அவ்வளவுதான்.

தோல் முட்டையைத் தேடிய பண்ணைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த மூட்டை எங்கே போயிற்று என்று பார்த்தேன். அத்தனையும் நாமகிரிப்பேட்டைக்கும் தம்மம்பட்டிக்கும் இடைப்பட்டவை. எல்லாவற்றுக்கும் போனது நம் ஆலையில் தீவனம் கலக்கும் இரண்டு இயந்திரங்களில் இரண்டாம் மிக்சரில் கலந்தது. முதல் மிக்சரின் தீவனம் வாங்கியவர்களில் ஒருவரும் தேடவில்லை.

மேலாளரிடம் போனேன்.

"ஒரு போன் கூட வரலையே சார்" என்றார். "கம்ப்ளெயிண்ட் நம்பர் சும்மாதான் கெடக்குது. தீவனத்துல கோளாறுன்னா இந்நேரம் ஜீப்பை அனுப்புங்கன்னு கூப்பாடு போட்டிருக்க மாட்டாங்களா?"

"போன் வராததுதான் தம்பி எனக்குப் பயமா இருக்குது. இத்தனை பேரு தேடறாங்க, ஒருத்தர் கூடவா கூப்பிட மாட்டாங்க?"

"நீங்க எண்ணி எண்ணியே ஒண்ணுமில்லாததைப் பூதமாக்கறீங்க. போய்ப் பாக்கறதுன்னா பாருங்க. ஜீப் தர முடியாது, டானிக் லோடுக்கு வேணும்."

ஆகவே செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போனேன். நாமகிரிப்பேட்டையில் இறங்கி, வேறு பஸ் மாறி, கடைசியாக மரவள்ளிக் காட்டு ஓரமாக நடந்து, அந்த ஐந்து தேடல்களைத் தேடிய பண்ணையைக் கண்டுபிடித்தேன். பண்ணையை நடத்துபவர் பழனியம்மாள் என்ற பெண்மணி. கணவர் வடக்கே லோடு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். முன்னால் ஒரு ஷெட், பின்னால் ஒரு ஷெட். அந்த அம்மா முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு ஷெட்டுக்கு இத்தனை அட்டைதானா என்று என் கண் தானாக எண்ணத் தொடங்கிவிட்டது.

"ஏனுங்ணா, முட்டை வாங்க வந்தீங்களா, எண்ண வந்தீங்களா?"

"தீவனக் கம்பெனியில இருந்து வாரேனுங்க அம்மணி."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த சாலையைப் பார்த்தார்.

"ஜீப்பு எங்கீங்க?"

"பஸ்ல வந்தேனுங்க."

"அப்ப உள்ள வாங்க" என்றார். மோர் கொடுத்தார்.

கோழி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். தோல் முட்டை விழுகிறதா என்று கேட்டேன். எங்கூட்டில் அதெல்லாம் இல்லை என்றார். எனக்குப் பொறுமை குறைவு. நீங்கள்தான் ஐந்து முறை தேடியிருக்கிறீர்களே அம்மணி என்று சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

"நான் போன்ல என்ன தேடறேன்னு அங்க உக்காந்து பாத்துட்டு இருக்கீங்களா?"

"அது என் வேலைங்க. யாருகிட்டயும் சொல்லலீங்க."

"வேலையாம் வேலை. பக்கத்தூட்டு மதில்ல எட்டிப் பாக்கறவளுக்கும் உங்களுக்கும் என்னங்க வித்தியாசம்? அவளாவது படிக்காதவ. எங்கூட்டுக்காரருக்கே நான் தேடுனது தெரியாதுங்க."

அந்தக் கேள்வி உங்களுக்கும்தான். நீங்கள் நாள்தோறும் படிப்பது ஒரு மனுஷி தன் கணவரிடமும் சொல்லாததை. அதைத்தான் பதினான்கு வண்ணப் படமாக அச்சடித்து எல்லோருக்கும் அனுப்புகிறீர்கள். படித்தால் அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும். செய்ய மாட்டீர்கள் என்றால் படிக்காதீர்கள்.

கீழே வைத்த அட்டையை மறுபடி எடுத்து அடுக்கிக்கொண்டே அவரே பேசினார்.

"கம்பெனி ஜீப்பு வந்து வாசல்ல நின்னாப் போதுமுங்க. பொழுதுக்குள்ள சீக்கு வந்த பண்ணைன்னு பேரு போயிரும். முட்டை வண்டிக்காரர் எங்கூட்டைத் தாண்டிப் போயிருவாரு. அக்கட்டால இருக்கற பண்ணைக்காரங்க எங்க ஆளை அவங்க ஷெட்டுப் பக்கமே சேத்த மாட்டாங்க. போன் பண்ணுனா நீங்க ஜீப்பைத்தானே அனுப்புவீங்க? அந்தத் தேடற பொட்டிக்கு ஜீப்பு அனுப்பத் தெரியாதுங்களே. அதான் அதுகிட்டக் கேட்டேன்."

நம் ஆட்கள் அத்தனை பேரும் இதே மாவட்டத்தில் பிறந்தவர்கள். பாதிப் பேர் வீட்டில் கோழிப்பண்ணை இருந்தது. நோய் வந்தால் பண்ணைக்காரர் வாயைத் திறக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, போன் வரவில்லை, அதனால் குறையில்லை என்று ஆண்டுக்கு நான்கு முறை அறிக்கை எழுதிக்கொண்டிருந்தோம்.

ஷெட்டைக் காட்டினார். கூண்டுகளில் நிற்க வேண்டிய கோழிகள் உட்கார்ந்திருந்தன. தட்டில் தீவனம் இருந்தும் எழுந்து தின்னவில்லை. இரண்டு ஷெட்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாகவும், வெள்ளிக்கிழமை வியாபாரி வருவதாகவும் சொன்னார்.

"டானிக்கு ஊத்திப் பாத்தாச்சுங்க. உங்க டானிக்குத்தான். தேடுனா மொதல்ல அதுதான் வந்துச்சு. கம்பெனியே சொல்லுதேன்னு ஊத்துனேன். அதுலயும் நிக்கலைன்னா இது சீக்குத்தானுங்களே. செத்து வுழுகறதுக்கு முன்னாடி ஏத்தி அனுப்பிப்போட்டா எதோ மிஞ்சும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அவர் எதனால் என்று கேட்டார். நாம் டானிக் என்றோம். டானிக் பலிக்காததால் நோய் என்று அவர் முடிவு செய்தார். நோய் என்பதால் கோழியை விற்கிறார். விடை வர வேண்டிய இடத்தில் விளம்பரத்தை வைத்ததன் விளைவு இரண்டு ஷெட் கோழி. மேலாளர் மைசூர்பாகு கொடுத்ததும் இதற்குத்தான்.

தீவன மூட்டையில் கையை விட்டு அள்ளிப் பார்த்தேன். ஓட்டுக்கு வேண்டிய கிளிஞ்சல் துண்டுகள் கண்ணுக்கே தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். இது நோயாகத் தெரியவில்லை, கடையில் கிளிஞ்சல் வாங்கித் தனியாக வையுங்கள், வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

"நீங்க சொன்னாப் பத்தாதுங்ணா. உங்க பேச்சை நம்பி வெச்சிருந்து நாளைக்கு வுழுந்துச்சுன்னா? சீக்கில்ல, தீவனந்தான்னு கம்பெனி சொல்லட்டும். நாலு பேரு பாக்கற மாதிரிச் சொல்லட்டும். அப்பத்தான் வியாபாரிகிட்ட நான் வாய் தொறக்க முடியும்." பிறகு, "என்ற பேரு வெளிய வரக்கூடாதுங்க. போனும் பண்ணீராதீங்க" என்றார்.

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. முதல் நாளே ஒரு போன் பண்ணியிருந்தால் என்ன என்று பஸ் ஏறும்வரை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். போன் பண்ணியிருந்தால் ஜீப் போய் நின்றிருக்கும் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

புதன்கிழமை காலை முதலாளியின் அறை. மேசை மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, முதல் மிக்சர் தீவனத்தில் ஒரு கரண்டியும் டப்பாவிலிருந்து ஒரு கரண்டியும் கொட்டினேன். கிளிஞ்சல் துண்டுகளைப் பொறுக்கி எண்ணினேன். முதலாவதில் முப்பத்தொன்று. அந்த அம்மாவின் மூட்டையில் நான்கு.

"டிபன் பாக்ஸ்ல வந்ததெல்லாம் சாம்பிளா சார்?" என்றார் மேலாளர். "எந்தப் பண்ணை? நம்பரைச் சொல்லுங்க, ஜீப்பை அனுப்பி முறைப்படி எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"நம்பரைத் தர மாட்டேன்."

"கம்பெனியோட டேட்டா சார் அது. உங்க ஊட்டுச் சொத்தில்லை."

"அந்தம்மா ஊட்டுச் சொத்து. நமக்குக் கண்ணுல பட்டிருக்குது, அவ்வளவுதான்."

முதலாளி நல்ல மனிதர். குரலை உயர்த்த மாட்டார். இரண்டாம் மிக்சரைப் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார். மத்தியானம் செய்தி வந்தது. கிளிஞ்சல் விழும் குழாயில் ஈரக்கட்டி அடைத்திருந்ததாம். தட்டிச் சரிசெய்துவிட்டார்களாம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. முதலாளி சொன்னார்:

"அப்பச் சரியாப் போச்சுங்க சாமி. இனிமே போற மூட்டை நல்லாருக்கும். போன மூட்டை தானாத் தீந்துரும்."

"கோழியும் தீந்துருமுங்க."

"டப்பாவுல இருந்ததை லேபுக்கு அனுப்பலாமுங்க, ரிப்போர்ட் திங்கக்கிழமை வரட்டும். அதுக்குள்ள நாமளே ஊரைக் கூட்டி, தப்பு எங்களுதுன்னு சொல்லோணுமா? யாருங்க கேட்டாங்க?"

நாற்பது பேருக்கு மேல் கேட்டிருக்கிறார்கள் என்றேன். ஒருத்தரும் போன் பண்ணவில்லையே என்று மேலாளர் மறுபடியும் சொன்னார். அதே வாக்கியத்தை அன்று மட்டும் ஆறு முறை சொன்னார். நான் எண்ணினேன். நாளைக்குப் பேசலாம் என்று முதலாளி எழுந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை யாரையும் கேட்காமல் என் மேசையில் உட்கார்ந்தேன். தேடலுக்கு முதல் விடையாக எது வர வேண்டும் என்று மாற்றும் உரிமை மேலாளருக்கும் எனக்கும் மட்டும் இருந்தது. டானிக் படத்தை எடுத்தேன். அந்த இடத்தில் எழுதினேன்:

'தோல் முட்டை விழுகிறதா, கோழி நிற்காமல் உட்கார்ந்துகொள்கிறதா? அண்மையில் வந்த எங்கள் தீவன மூட்டைகள் சிலவற்றில் கிளிஞ்சல் குறைந்துவிட்டது. தவறு எங்களுடையது. இது நோய் அல்ல. அந்த மூட்டையை நிறுத்துங்கள். கிளிஞ்சலைத் தனியாக வையுங்கள். டானிக் போதாது. கோழியை விற்றுவிடாதீர்கள். மூட்டையை மாற்றித் தருகிறோம்.'

கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு அதிகாரம் இல்லை. தெரிந்தே எழுதினேன். தோல் முட்டைக்கு மட்டும் இதை வைக்கவில்லை. கோழி நிக்க மாட்டேங்குது என்பதற்கும், ஒரே ஒருவர் ஒரே முறை தேடிய 'நோய் வந்த கோழி எடுக்கும் வியாபாரி' என்பதற்கும் வைத்தேன். எந்த ஊர் என்று எழுதவில்லை.

பத்தரை மணிக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. அதுவரை வாயைத் திறக்காத பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நோய் இல்லை என்று கம்பெனியே சொல்லிவிட்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது? எங்களுக்கும் அந்த மூட்டைதான், மாத்திக் கொடுங்க என்று உரக்கவே கேட்டார்கள். மேலாளர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"பாத்தீங்களா சார்? நீங்க எழுதிப்போட்டதுனாலதான் இத்தனை கம்ப்ளெயிண்ட்டு. நேத்து வரைக்கும் ஒண்ணுமே இல்லை."

அவர் அதை மனதார நம்பினார். இன்று அவர் வேறொரு கம்பெனியில் இன்னும் பெரிய பதவியில் இருக்கிறார்.

முதலாளிக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. மூட்டைகளை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். வழக்கமான தீவன லாரியிலேயே அனுப்புங்கள், ஜீப் எங்கேயும் போக வேண்டாம் என்று நான் கேட்டதற்கும் ஒப்புக்கொண்டார். மாலையில் என்னைக் கூப்பிட்டு, "கையில சாவி இருக்குதுன்னு கண்ட கதவைத் தொறக்கக் கூடாதுங்க சாமி" என்று மெதுவாகச் சொல்லி, அந்த உரிமையை எடுத்துவிட்டார். ஓய்வு பெறும்வரை அது எனக்குத் திரும்ப வரவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. என் கோபம் அதற்காக அல்ல.

அன்று பொழுது சாய்ந்ததும் பழனியம்மாள் போனில் கூப்பிட்டார். தன் பேரைச் சொல்லவில்லை. குரலில் தெரிந்துகொண்டேன்.

"பாத்தனுங்ணா. வியாபாரிகிட்டப் போன்ல காட்டி, முன் ஷெட்டு வேண்டாம்னுட்டேன்."

"பின் ஷெட்டுங்க?"

"அதை நேத்தைக்கே ஏத்திட்டுப் போயிட்டாரு. வண்டி காலியா நிக்குதுன்னு முன்னாடியே வந்துட்டாருங்க. கூண்டெல்லாம் வெறிச்சுன்னு கெடக்குது." பிறகு, "நேத்தைக்கே எழுதியிருந்தா ரெண்டும் நின்னிருக்குமுங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது என்பது போலத்தான் சொன்னார்.

நேற்று என்பது புதன்கிழமை. காலையிலிருந்து மாலைவரை மூன்று பேர் குளிரூட்டிய அறையில் ஒரு கரண்டித் தீவனத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாள். குழாய் அடைத்திருக்கிறது என்று மத்தியானமே தெரிந்துவிட்ட நாள். நாம் பேசிக்கொண்டிருந்தோம், அங்கே கோழியைக் கால் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முன் ஷெட் கோழிகள் இரண்டு வாரத்தில் எழுந்து நின்றன. பின் ஷெட்டில் இருந்தவையும் நின்றிருக்கும்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். அதனோடு, நீக்கிய தேடல்களின் கோப்பையும் யாரோ கவனக்குறைவாக இணைத்து அனுப்பிவிட்டீர்கள். இருபத்திரண்டு பக்கத்தில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான். கோப்பு முழுவதையும் படித்தேன். பெரும்பாலும் குப்பைதான், ஒப்புக்கொள்கிறேன். கைதவறி அழுத்தியவை, சினிமாப் பாட்டைத் தேடியவை, குழந்தை போனை வைத்து விளையாடியவை. கடைசிப் பக்கத்தில் ஒரே பண்ணை எண்ணிலிருந்து நான்கு தேடல்கள் வரிசையாக வந்திருக்கின்றன.

கோழி தண்ணி குடிக்க மாட்டேங்குது
தண்ணித் தொட்டி மருந்து
மருந்து போட்டும் குடிக்கலை
நோய் வந்த கோழி எடுக்கும் வியாபாரி

நான்கும் நேற்றுக் காலை வந்தவை. இரண்டாவதற்கு மட்டும் விடை வந்திருக்கிறது. நீங்கள் விற்கும் மருந்தின் படம்.

இந்த முறை தண்ணீரா, தீவனமா, உண்மையாகவே நோயா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. புகார் எண்ணுக்குப் போன் வந்ததா என்று பார்க்காதீர்கள், வந்திருக்காது. பண்ணை எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் பயனற்றது என்று ஒதுக்கிய கோப்பில் அது இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் உங்களில் ஒருவர் எழுந்து போங்கள்.

பஸ்ஸில் போங்கள்.